பத்தாவது நட்டு

சக்கரம் என்கிற சில்லைக் கண்டுபிடித்தவன் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. ஆனால் சில்லு கழலக்கூடாது என்று முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிய முதல் மனிதக் கூட்டம் எதுவென்று நன்றாகத் தெரியும். கொழும்புத்துறைக்கு அப்பால் பரவைக்கடலோரம் கிடக்கும் சின்னமுனை என்ற சிற்றூரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்தான் அது. தீர்மான இலக்கம் பதினேழு. அந்தச் சங்கத்தில் இன்றுவரை கழலாமல் இருப்பது அந்தத் தீர்மானம் ஒன்றுதான்.

இந்த மகத்தான வரலாற்றில் செபநாயகத்துக்கும் ஒரு மூலையில் இடம் உண்டு. ஐம்பத்தெட்டு வயது. இளந்தாரியாக இருந்தபோது ஐஸ் லொறியில் கிளீனர். லொறிச் சில்லுகளைக் கழற்றிப் பூட்டியே கை முறுகியவர். பிறகு முப்பது வருடம் மற்றவர்களின் படகுகளைக் கரைக்கு இழுத்தும் கடலுக்குத் தள்ளியும் கூலி வேலை. சங்கத்தில் கதிரை அடுக்குவதும் அவர்தான், பிளேன்ரீ கொடுப்பதும் அவர்தான். அந்த வருடம்தான், வாழ்க்கையில் முதன்முறையாக, அவருக்கென்று ஒரு படகு வந்திருந்தது. மூன்று பேர் ஓடிக் கழித்த பழைய பைபர் படகுதான். ஆனாலும் அவரும் மனைவி கத்தரீனாவும் அதற்கு ஒட்டுப்போட்டு, தேய்த்து, நீலம் பூசி, முன்பக்க அணியத்தில் 'சகாயமாதா' என்று எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள்.

சித்திரை கழிந்தால் சின்னமுனைக்காரர் வடமராட்சி கிழக்குக் கரைக்குப் போவார்கள். அங்கே வாடி போட்டுத் தங்கி, ஆவணி வரை தொழில். படகை ட்ரெயிலரில் ஏற்றி, ட்ரெயிலரை ட்ரக்டரில் கொழுவி, தரை வழியாகக் கொண்டுபோவதுதான் வழக்கம். அந்தப் பயணத்துக்கென்று ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் சங்கத்துக்குப் புத்தம்புது ட்ரெயிலர் ஒன்றை அன்பளிப்புச் செய்தது. இரண்டு சில்லு. சில்லுக்கு ஐந்து நட்டு. ஆகப் பத்து நட்டு.

ட்ரெயிலரோடு ஒரு சிவப்புப் பெட்டியும் வந்தது. அதற்குள் பஞ்சணையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது ஒரு ஸ்பானர். கைப்பிடியில் இலக்கங்கள். வேண்டிய இலக்கத்துக்குத் திருகி வைத்துவிட்டு நட்டை இறுக்கினால், அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். சொன்னவுடன் கையை எடுத்துவிடவேண்டும். சங்கத்தின் கடிதங்களில் அதற்குப் பெயர் 'முறுக்குவிசை அளவீட்டு உபகரணம்'. ஊரில் டிக் ஸ்பானர்.

உபகரணம் வந்தால் செயலமர்வு வராமல் விடுமா? 'முறுக்குவிசை பற்றிய விழிப்புணர்வுச் செயலமர்வு' சங்க மண்டபத்தில் ஒரு நாள் முழுக்க நடந்தது. நிறுவனம் அனுப்பிய பயிற்றுவிப்பாளர் டிலக்ஷன், கழுத்துப்பட்டி கட்டிய நல்ல பொடியன், சுவரில் ஒவ்வொரு படமாகப் போட்டு விளக்கினான்.

"ஒவ்வொரு நட்டும் நூற்றிப்பத்து நியூட்டன் மீற்றர். கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை."

சங்கத் தலைவர் லெனாட் கை உயர்த்தினார். "தம்பி, உந்த மீற்றர் எங்கடை மீற்றரோ, வெளிநாட்டு மீற்றரோ?"

"எல்லா இடமும் ஒரே மீற்றர்தான் சேர்."

"அப்ப சரி. பேந்து கரைச்சல் வரக்கூடாது."

செயலாளர் ஜெயசுதன் எழுந்தான். "நூற்றிப்பத்துக்குப் பதிலா இருநூற்றிருபது போட்டால், ஐஞ்சு நட்டோடை வேலை முடியுமே?"

டிலக்ஷன் தண்ணீர் குடித்தான்.

செபநாயகம் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றார். அவருக்கு அழைப்பு இல்லை. ஆனால் காது இருந்தது. "தம்பி," என்றார், "ஓட்டத்திலை நட்டு இளகும். கொஞ்சத்தூரம் ஓடினாப்பிறகு நிப்பாட்டி இன்னொருக்கா இறுக்க வேண்டாமோ?"

டிலக்ஷனின் முகம் மலர்ந்தது. "மிகச் சரியான கேள்வி ஐயா! அது நாப்பத்தாறாவது படத்திலை வருது."

முப்பத்தோராவது படத்தில் மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. கணவாய்க் கறி. சாப்பாட்டுக்குப் பிறகு சான்றிதழ் வழங்கல். நாற்பத்தாறாவது படத்தைச் சின்னமுனை இன்றுவரை கண்டதில்லை. ஆனால் இருபத்தொரு பேர் 'முறுக்குவிசையில் தேர்ச்சி பெற்றோர்' ஆனார்கள். அதில் கணவாய்க் கறிக்கு மட்டும் வந்த இரண்டு பேரும் அடக்கம். செபநாயகத்தின் பெயர் வரவுப் புத்தகத்தில் இல்லாதபடியால் அவருக்குத் தேர்ச்சி கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் மண்டபம் கூட்டும்போது, சிவப்புப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை அவர் கண்டார். பல பாஷைகளுக்கிடையே தமிழும் இருந்தது. நாற்பது வயதுக்கு மேல்தான் அவர் எழுத்துப் படித்தவர். விரலை எழுத்தின் கீழ் வைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளி வாசித்தார். நட்டுகளை வரிசையாக அல்ல, எதிரெதிராக இறுக்கவேண்டும். முதல் ஓட்டத்தில் சிறிது தூரம் போனதும் நிறுத்தி, மீண்டும் இறுக்கவேண்டும். அவ்வளவுதான். ஐஸ் லொறியில் அவர் முப்பத்தைந்து வருடத்துக்கு முதல் கற்றதையே வெள்ளைக்காரனும் எழுதியிருக்கிறான் என்று அவருக்குச் சந்தோஷம். தேர்ச்சி பெற்ற இருபத்தொரு பேர் உள்ள சங்கத்தில் அந்தத் தாளை வாசித்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்தது திறப்பு விழா. சின்னமுனையில் ஒரு பொருளைத் திறந்துவைக்காமல் பயன்படுத்துவது ஞானஸ்நானம் கொடுக்காமல் பிள்ளையைத் தூக்கித் திரிவதற்குச் சமம். கூட்டத்தில் ஜெயசுதன்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"மற்றச் சங்கங்கள் நாடா வெட்டுது, விளக்குக் கொளுத்துது. எங்களிட்டைப் பத்து நட்டு இருக்கு. பத்து விருந்தினரைக் கூப்பிடுவம். ஒவ்வொருத்தரும் ஒரு நட்டை டிக் ஸ்பானராலை இறுக்கி ஆரம்பிச்சு வைக்கட்டும். இலங்கையிலேயே முதல்தரம்!"

கைதட்டல் எழுந்தது. தலைவர் அந்த இடத்திலேயே ஒழுங்கு போட்டார். "முதலாவது நட்டு பிரதம விருந்தினருக்கு. ரெண்டாவது சிறப்பு விருந்தினருக்கு. மூண்டாவது கௌரவ விருந்தினருக்கு. நாலாவது... சரி, நானே இறுக்கிறன்."

கதிரை அடுக்கிக்கொண்டிருந்த செபநாயகம் திரும்பினார். "தலைவர், உது வரிசையா இறுக்கிறேல்லை. ஒண்டை இறுக்கினால் அடுத்தது அதுக்கு எதிர்ப்பக்கம். நட்சத்திரம் கீறுற மாதிரி."

"எதிர்ப்பக்கமோ? பிரதம விருந்தினர் இறுக்கினவுடனை, பக்கத்திலை நிக்கிற சிறப்பு விருந்தினரை விட்டிட்டு, எதிர்ப்பக்கம் நிக்கிற கௌரவ விருந்தினரிட்டை ஸ்பானரைக் குடுக்கிறதோ? அண்ணை, மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

"நட்டு மரியாதை பாக்காது தலைவர்."

"அதுதான் நாங்கள் பாக்கிறம்."

அப்போதுதான் ஒரு இடைஞ்சல் தெரிந்தது. ட்ரெயிலர் கொம்பனியிலிருந்து வரும்போதே பத்து நட்டும் சரியான அளவில் இறுக்கப்பட்டு வந்திருந்தது. இறுகியிருக்கும் நட்டை விருந்தினர் எப்படி இறுக்குவது? சபை ஒரு நிமிடம் கவலையில் ஆழ்ந்தது. பிறகு பத்து நட்டுகளையும் இளக்கி வைக்கும் பொறுப்பு செபநாயகத்திடம் ஏகமனதாக ஒப்படைக்கப்பட்டது.

"எனக்குச் சான்றிதழ் இல்லையே," என்றார் செபநாயகம்.

"இளக்கிறதுக்குச் சான்றிதழ் வேண்டாம் அண்ணை," என்றான் ஜெயசுதன். "இறுக்கிறதுக்குத்தான்."

விழா காலை பத்து மணிக்கு. பந்தல், மேளம், நிறைகுடம். பங்குச் சுவாமியார் வந்து செபித்து, தீர்த்தம் தெளித்து, செத்த வீடு ஒன்று இருக்கிறதென்று கெதியாகப் போய்விட்டார். செபநாயகம் வெள்ளை வேட்டியோடு ஒரு வெள்ளித் தட்டை ஏந்தி நின்றார். தட்டில் பட்டுத் துணி. பட்டுத் துணியில் டிக் ஸ்பானர்.

பிரதம விருந்தினர் குனிந்தார். ஸ்பானரை முதலாவது நட்டில் வைத்தார். படப்பிடிப்பாளர் ஓடிவந்தார்.

"சேர், கொஞ்சம் இஞ்சாலை பாருங்கோ. நட்டைப் பாக்கவேண்டாம், என்னைப் பாருங்கோ. அப்பிடியே பிடியுங்கோ. ஆ..."

டிக்.

பந்தல் அதிரக் கைதட்டல். பிரதம விருந்தினர் நிமிர்ந்தார். ஜெயசுதன் 'முறுக்குவிசைப் பதிவேடு' என்று தங்க எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைத் திறந்து, முதலாம் நட்டுக்கு நேரே 110 என்று எழுதினான்.

செபநாயகம் அவன் காதருகே குனிந்தார். "தம்பி, டிக் எண்டது கமரா."

"டிக் எண்டு கேட்டதோ இல்லையோ?"

"கேட்டது."

"பிறகென்ன அண்ணை? தட்டை நேராய்ப் பிடியுங்கோ."

இப்படியே ஒன்பது டிக். ஆறாவது விருந்தினர் உற்சாகத்தில் மற்றப் பக்கமாகத் திருகினார். பங்குபற்றியதுதான் முக்கியம் என்று அவருக்கும் 110 போடப்பட்டது. ஏழாவதை ஜெயசுதன் இறுக்கினான். ஒரு கையால், மற்றக் கையில் பதிவேடு. எட்டாவதாக வந்த ஓய்வுபெற்ற அதிபர் கனகாம்பிகை மட்டும் ஸ்பானரை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது இறுகேல்லைப் போலை கிடக்கே," என்றார். "ரீச்சர், வெயில் ஏறுது," என்று சொல்லி அவருக்கு மாலை போட்டார்கள்.

பத்தாவது நட்டு கிருஷாந்துக்கு. சங்கத்தின் பழைய உறுப்பினர், இப்போது கனடாவில். ஆவணியில்தான் ஊருக்கு வருவதாக இருந்தது. ஆனால் விஞ்ஞானம் எதற்கு? ஜெயசுதன் கைத்தொலைபேசியைப் பத்தாவது நட்டுக்கு முன்னால் பிடித்தான். திரையில் கிருஷாந் தெரிந்தார். மேலே கோட், கீழே சாரம். அங்கே நித்திரை கொள்ளும் நேரம்.

"கிருஷாந் அண்ணை, நட்டுத் தெரியுதோ?"

"ஓம், ஓம். வடிவாத் தெரியுது. இறுக்கட்டோ?"

"இறுக்குங்கோ!"

கிருஷாந் கனடாவில் கையை மடக்கி, காற்றைப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகினார். சின்னமுனை மூச்சை அடக்கியது. பாதித் திருகலில் படம் உறைந்தது. சிக்னல் போய்விட்டது.

ஜெயசுதன் பேனாவோடு திகைத்து நின்றான். "தலைவர், எவ்வளவு போடுறது?"

லெனாட் நீதியான மனிதர். சற்று யோசித்தார். "பாதி சுத்தினவர். பாதியைப் போடு."

பத்தாவது நட்டுக்கு நேரே 55 என்று எழுதப்பட்டது. மீதி ஐம்பத்தைந்தை அவர் ஆவணியில் நேரில் வந்து இறுக்குவார்.

விழா முடிந்ததும் ஒன்பது நட்டுகளின் மேலும் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, சங்க முத்திரை குத்தப்பட்டது. ஒவ்வொன்றின் அருகிலும் இறுக்கியவர் பெயர் வெள்ளைப் பெயின்றில் எழுதப்பட்டது. முத்திரையை உடைப்பது அந்தப் பெரியவரை அவமதிப்பதாகும், உடைத்தவரின் பெயர் ட்ரெயிலர் வரிசையிலிருந்து வெட்டப்படும் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. பத்தாவதுக்கு மட்டும் முத்திரை இல்லை. ஒரு நாடா கட்டிவிட்டார்கள். டிக் ஸ்பானர் மாலையோடு இரும்பு அலுமாரிக்குள் போனது. அலுமாரியைப் பூட்டிய திறப்பு தலைவரிடம்.

மூன்றாம் நாள் சீட்டுக் குலுக்கினார்கள். புது ட்ரெயிலரில் முதலாவதாகப் போகும் படகு எது? பெட்டிக்குள் கையை விட்டு எடுத்த சீட்டில் இருந்தது 'சகாயமாதா'.

எல்லோரும் செபநாயகத்தின் முதுகில் தட்டினார்கள். அவர் மட்டும் போய்ச் சில்லுக்கு அருகில் குந்தி, நட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். அன்று கூட்டத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக, கதிரை அடுக்குகிறவராக இல்லாமல் ஒரு படகுக்காரராக எழுந்து நின்றார்.

"தலைவர், நான் விரலாலை தொட்டுப் பாத்தனான். அரக்குத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது, நட்டு நிக்கேல்லை. சில்லு கழண்டிடும். அலுமாரியைத் திறந்து அந்த ஸ்பானரைத் தாங்கோ. கால் மணித்தியாலம் காணும், எல்லாத்தையும் இறுக்கிப்போட்டுத் திருப்பித் தாறன்."

"பதிவேட்டிலை நூற்றிப்பத்து எண்டு கிடக்கு அண்ணை," என்றான் ஜெயசுதன்.

"பதிவேட்டிலையோ சில்லு ஓடுறது?"

"அப்ப பிரதம விருந்தினர் பொய் சொல்லுறாரோ?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை தம்பி. கமராதான் சொன்னது."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. லெனாட் கை உயர்த்தி அடக்கினார். உறுப்பினர் ஒருவரின் உள்ளக் கவலையை அலட்சியம் செய்யும் தலைவர் அல்ல அவர். "செபநாயகம் அண்ணையின்ரை பயம் நியாயமானது. சில்லு கழலக்கூடாது. அதிலை ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

ஒருவருக்கும் மறுப்பு இருக்கவில்லை.

"அப்ப சில்லு கழலக்கூடாது எண்டு ஒரு தீர்மானம் எடுப்பம்."

முன்மொழிந்தவர் ஜெயசுதன். வழிமொழிந்தவர் கணவாய்க் கறிக்கு வந்த இருவரில் ஒருவர். தீர்மானம் பதினேழு ஏகமனதாக நிறைவேறியது. செபநாயகமும் கை உயர்த்தவேண்டியிருந்தது. சில்லு கழலவேண்டும் என்று அவரால் சொல்ல முடியுமா?

வீட்டில் கத்தரீனா மீன் வெட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்களிட்டை லொறி ஸ்பானர் இருக்குதல்லோ?"

"இருக்கு."

"கையும் இருக்குது."

"இருக்கு."

"பிறகேன் உவங்கடை அலுமாரியைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அரக்கை உடைச்சுப்போட்டு இறுக்குங்கோ."

"உடைச்சால் வரிசையிலையிருந்து என்ரை பேரை வெட்டிப்போடுவாங்கள். இந்த வருசம் அந்தக் கரைக்குப் போகேலாது, கத்தரீனா."

"சில்லுக் கழண்டால் மட்டும் போகலாமோ?"

மீனின் தலை வெட்டுப்பட்டு விழுந்தது.

புறப்படும் காலை. படகு ஏற்றிக் கட்டியாகிவிட்டது. தலைவரும் மற்றவர்களும் வாழைமரம் கட்டிய வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செபநாயகம் தன் பழைய லொறி ஸ்பானரைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு இடது சில்லுக்கு அருகில் குந்தினார். நாடாவை அவிழ்த்தார். முத்திரை இல்லாத பத்தாவது நட்டில் ஸ்பானரைக் கொழுவி, லொறிக் காலத்தில் செய்தது போல, உடம்புப் பாரத்தைக் கைக்கு இறக்கி இறுக்கினார். அந்த ஸ்பானர் டிக் என்று சொல்லாது. போதும் என்று அவருடைய தோள் சொல்லும். தோள் சொன்னது.

பிறகு ஸ்பானரை ஒன்பதாவது நட்டுக்குக் கொண்டுபோனார். சிவப்பு அரக்கு. சங்க முத்திரை. பக்கத்தில் ஒரு பெரிய மனிதரின் பெயர். ஒரே ஒரு நெம்பு. அரக்குத்தானே, பொரிந்து கொட்டிவிடும். கை அந்தரத்தில் நின்றது. வரிசைப் பட்டியலில் தன் பெயரைச் சிவப்பு மையால் வெட்டுவது கண்ணுக்குள் வந்தது.

"அண்ணை, என்ன குந்திக்கொண்டு இருக்கிறியள்? வாங்கோ படத்துக்கு!" வாசலிலிருந்து ஜெயசுதன் கூப்பிட்டான்.

ஸ்பானரைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். நாடாவைத் திரும்பக் கட்டிவிட்டுப் படத்துக்குப் போனார். அந்தப் படத்தில் அவர் சிரிக்கவில்லை.

ட்ரக்டர் புறப்பட்டது. சாரதிக்கு வலப்பக்கத்து மட்கார்ட்டில் தலைவர் லெனாட், 'பயண மேற்பார்வையாளர்' என்ற பட்டியோடு. இடப்பக்கத்து மட்கார்ட்டில் செபநாயகம், முகத்தைப் பின்னுக்குத் திருப்பி, படகைப் பார்த்தபடி. டிக் ஸ்பானர் வரவில்லை. அதை ஊருக்கு வெளியே கொண்டுபோக விசேட அனுமதி வேண்டும்.

செம்மணியைத் தாண்டியதும் சத்தம் தொடங்கியது. கடக். சற்றுக் கழித்து இன்னொரு கடக்.

"தலைவர், நிப்பாட்டுவம். நட்டு இளகுது."

"அது படகுக் கயிறு அண்ணை."

கடக் கடக்.

"கயிறு இப்பிடிக் கதைக்காது தலைவர். ரெண்டு நிமிசம். இறங்கிப் பாத்திட்டு ஏறுறன்."

லெனாட் சட்டைப்பையிலிருந்து பயண ஒழுங்குப் பத்திரத்தை எடுத்து விரித்தார். "முதலாவது தரிப்பு கொடிகாமம். தேநீர். அதுக்கு முதல் தரிப்பு இல்லை. ஒழுங்கு போட்டது நாங்கள்தானே, நாங்களே மீறினால் மற்றவை என்ன சொல்லுவினம்?"

கடகட கடகட.

"தம்பி லெனாட்!" தலைவர் என்ற வார்த்தை செபநாயகத்தின் வாயிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. "என்ரை படகடா அது! நிப்பாட்டச் சொல்லு!"

ட்ரக்டர் கைதடிப் பாலத்தில் ஏறி மற்றப் பக்கம் இறங்கியது. சாரதி வேகத்தைக் குறைத்தான். அப்போது பக்கத்தால் ஒரு சில்லு தன்பாட்டில் உருண்டு வந்து, ட்ரக்டரை முந்திக்கொண்டு போனது. லெனாட் அதைக் கண் எடுக்காமல் பார்த்தார்.

"பாருங்கோ அண்ணை, ஆரின்ரையோ சில்லொண்டு போகுது. இதுதான் நான் சொல்லுறது. முறுக்குவிசையைப் பற்றி உவங்களுக்கு ஒரு விழிப்புணர்வும் இல்லை."

சொல்லி முடிக்க முதல் பின்னால் இரும்பு தார் ரோட்டைக் கீறும் சத்தம். ட்ரெயிலர் இடப்பக்கம் சரிந்தது. கயிறு அறுந்தது. 'சகாயமாதா' மெதுவாக, யாரிடமோ விடைபெறுவது போலச் சாய்ந்து, பிறகு ஒரேயடியாக ரோட்டில் விழுந்தாள். அணியத்திலிருந்து நடுப்பகுதி வரை ஒரு வெடிப்பு. நீலம் இரண்டாகப் பிரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது.

செபநாயகம் அழவில்லை. போய் வெடிப்பில் கையை வைத்துப் பார்த்தார். கை முழுதாக உள்ளே போனது.

பிறகு நடந்துபோய், ரோட்டோர வடிகால் கானுக்குள் கிடந்த சில்லைத் தூக்கி நிறுத்தினார். நாலு ஓட்டையும் வெறும் ஓட்டை. ஓரங்களில் கொஞ்சம் சிவப்பு அரக்கு மட்டும் ஒட்டியிருந்தது. ஐந்தாவது ஓட்டையில் நட்டு இருந்தது. முறிந்த போல்ற் துண்டைக் கட்டிப்பிடித்தபடி, நாடாவோடு, அசையாமல் இருந்தது.

விசாரணைக் குழு அடுத்த வாரமே கூடியது. குழுவின் தலைவர், நாலாவது நட்டை இறுக்கிய லெனாட். செயலாளர், ஏழாவது நட்டை இறுக்கிய ஜெயசுதன். இறுக்கிய அனுபவம் உள்ளவர்கள்தானே விசாரிக்கவேண்டும்! கத்தரீனா வாசலில் வந்து நின்றாள். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். "நான் பாக்க வரேல்லை, கேக்க வந்தனான்," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

மண்டபம் நிறைந்த சபையின் முன் ஜெயசுதன் அறிக்கையை வாசித்தான்.

"ஒன்பது நட்டுகளும் 110 என்ற அளவில் இறுக்கப்பட்டமைக்குப் பதிவேடும் புகைப்படங்களும் சான்றாக உள்ளன. வலது சில்லின் ஐந்து நட்டுகளும் முத்திரையோடு உள்ளன. இடது சில்லின் நான்கு நட்டுகள் சம்பவ இடத்தில் கிடைக்காதமையால், அவற்றின் மீது எவ்விதக் குற்றமும் சுமத்த முடியாது. பத்தாவது நட்டு 55 என்ற அளவில் ஆவணி மாதம் வரை இருந்திருக்கவேண்டியது. ஆனால் அது, புறப்படும் காலையில் சில்லருகே குந்தியிருக்கக் காணப்பட்ட சான்றிதழற்ற ஒருவரால், அனுமதியற்ற ஸ்பானரால், பதிவேட்டில் இல்லாத அளவில் இறுக்கப்பட்டுள்ளது. மற்றைய நான்கு நட்டுகளும் விலகிச் சென்ற பின்னரும் அது மட்டும் தனித்து நின்று சில்லைப் பிடித்திருந்தமை கூட்டுறவுக் கொள்கைக்கு முற்றிலும் முரணானது. விபத்துக்கு இதுவே காரணம் எனக் குழு ஏகமனதாகக் காண்கிறது."

லெனாட் தொண்டையைச் செருமினார். இரக்கம் உள்ள மனிதர். "அண்ணை, வரிசையிலையிருந்து பேரை வெட்டேல்லை. அடுத்த வருசம் பாப்பம். ட்ரெயிலருக்குப் புதுச் சில்லு வருது. திரும்பவும் ஒரு திறப்பு விழா வைக்கவேணும். தட்டுப் பிடிக்க நீங்கள்தான் வரவேணும். இப்ப உந்த அறிக்கைக்குக் கீழை, நட்டை இறுக்கினது நான்தான் எண்டு ஒத்துக்கொண்டு ஒரு கையெழுத்து வைச்சுவிடுங்கோ."

"நட்டை இறுக்கினது நான்தான்," என்றார் செபநாயகம். "அதிலை பொய் இல்லை."

பேனாவை வாங்கினார். மேசையில் முழங்கையை ஊன்றினார். அவர் எழுதும்போது நேரம் எடுக்கும்; எல்லோருக்கும் அது தெரியும். கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று ஜெயசுதன் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தான். கடைசியில் அவர் தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார்.

ஜெயசுதன் அதைத் தூக்கிப் பிடித்து, பழக்கதோஷத்தில், ஒலிவாங்கியில் உரக்க வாசித்தான்.

"செ. செபநாயகம் ஆகிய நான் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன்."

சபை கைதட்டத் தொடங்கியது. ஜெயசுதனின் கண் அடுத்த வரிக்குப் போனது. வாயும் அதன் பின்னால் போய்விட்டது.

"பத்து நட்டிலும் ஒரு நட்டைத்தான் இறுக்கினார்கள். அதை இறுக்கினது நான். ஒன்றோடு நிறுத்தினது என் குற்றம்."

கைதட்டல் பாதியில் நின்றது. பதிவேட்டில் போடுவதானால், ஐம்பத்தைந்து.